பட்டியலில் அக்கா

புதுக் கடையின் கம்ப்யூட்டர் பட்டியலில் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. கடை திறந்து நாளாகிவிட்டது. பில் போடுகிறது, பிரிண்டர் ஓடுகிறது, மருந்து விற்கிறது. பட்டியலில் மட்டும் அப்படி ஒரு கம்ப்யூட்டரே இல்லை.

"கல்யாண வீட்டுல சாப்பிட்டவன் மொய்யில பேர் இல்லாத மாதிரி இருக்குய்யா. போய் என்னன்னு பாரு" என்று முதலாளியின் மைத்துனர் காலையிலேயே போனில் கத்தினார். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கத்துவதற்கு அது தேவையும் இல்லை.

ஒரே முதலாளிக்கு ஊர் முழுக்க மருந்துக் கடைகள். கடைக்கு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். கடைகளில் அவனுக்கு ஒயர்க்காரன் என்று பெயர். நேரில் பார்த்தால் மட்டும் அண்ணா. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். கிடங்குக்கு மேலே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அவனுக்கு ஒரு மேஜை. வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரு அறை. பெண்டாட்டி போன பிறகு அந்த அறையில் அவன் சமைப்பதில்லை. ரொட்டியும் முட்டையும் வாங்கி நின்றுகொண்டே தின்பான். உட்கார்ந்தால் எதிரில் ஆள் இல்லாதது தெரியும்.

அவன் வேலை இதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஏஜென்ட் என்று ஒரு சின்னப் புரோகிராமை உட்கார வைத்திருப்பான். வீடு பார்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் மாதிரி கமிஷன் கேட்காது, அந்த மட்டுக்கும் யோக்கியன். நிமிஷத்துக்கு ஒரு தடவை அது கிடங்கிலிருக்கும் தலைமை மிஷினுக்கு, 'இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு சேதி அனுப்பும். சேதி வந்தால் பட்டியலில் அந்தக் கடையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. வரவில்லை என்றால் மஞ்சள். அப்புறமும் வரவில்லை என்றால் சாம்பல். சாம்பல் விழுந்தால் ஒயர்க்காரன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருந்தது. நின்று பெய்யவும் தெரியாமல் விடவும் தெரியாமல் இழுத்தடிக்கிற மழை. புதுக் கடை வாசலில் குடைகளுக்காக ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். தன் குடையை அதில் சொருகிவிட்டு உள்ளே போனான். பில் போடும் பெண் அவனைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"வாங்கண்ணா. நோயாளி இதோ உக்காந்திருக்கு. ஊசி வேணும்னா சொல்லுங்க, ஸ்டாக் இருக்கு."

"ஊசி உனக்குப் போடுறேன். பாஸ்வேர்டை ஒட்டி வெக்காதேன்னு சொன்னேனா இல்லையா?" மானிட்டரின் ஓரத்தில் மருந்துக் கம்பெனி கொடுத்த ஒட்டுத் தாளில் பாஸ்வேர்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"அது எங்க அம்மா பேருண்ணா. மறந்துடக் கூடாதுன்னு ஒட்டியிருக்கேன்."

"அம்மா பேரு மறந்துடுமா?"

"பின்னாடி நீங்க ஒரு நம்பரும் குறியும் போடச் சொன்னீங்களே, அது மறந்துடும்."

அவன் உட்கார்ந்தான். முதலில் சர்வீஸ் பட்டியலைத் திறந்து பார்த்தான். ஏஜென்ட் ஓடுகிறது என்றுதான் இருந்தது. நிறுத்தி மறுபடி ஓட விட்டான். ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் தப்பாக இருந்தால் தலைமை மிஷின் சேதியைக் குப்பையில் போட்டுவிடும். நேரம் சரி. அதற்குள் இருமலோடு ஒரு பெரியவர் வந்தார். அவன் எழுந்து நகர, அந்தப் பெண் உட்கார்ந்து பில் போட்டாள். மறுபடி அவன் உட்கார்ந்தான். ஃபயர்வால் கதவை அடைத்திருக்கிறதா என்று தலைமை மிஷினைத் தட்டிப் பார்த்தான். உடனே பதில் வந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. குழந்தைக்குச் சொட்டு மருந்து கேட்டு ஒருத்தி. எழுந்தான். உட்கார்ந்தான். தலைமை மிஷினின் விலாசம் தப்பாக எழுதியிருக்கிறதா? இல்லை. வைரஸ் பிடிக்கிற புரோகிராம் ஏஜென்டையே வைரஸ் என்று பிடித்துப் போட்டிருக்கிறதா? அதுவும் இல்லை.

"நாற்காலி விளையாட்டு மாதிரி இருக்குண்ணா. பாட்டுதான் இல்ல" என்றாள் அவள்.

ஏஜென்ட் தன் வேலையை எழுதிவைக்கும் லாகைத் திறந்தான். அனுப்பினேன், பெற்றுக்கொண்டார்கள். அனுப்பினேன், பெற்றுக்கொண்டார்கள். கீழே வரைக்கும் அதேதான்.

பெற்றுக்கொண்டவன் பட்டியலில் ஏன் காட்டவில்லை?

ஏஜென்டை அழித்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் அனுப்பினேன், பெற்றுக்கொண்டார்கள். பட்டியலில் இல்லை. டீ வந்தது. குடித்தான். குடித்துக்கொண்டே பழக்கத்தில் கைப்போனை எடுத்துப் பட்டியலைத் திறந்து, எல்லாக் கடைகளையும் தள்ளிவிட்டு, அடியில் போய்ப் பார்த்தான்.

'அக்கா' என்று இருந்தது. பச்சை.

அந்தப் பெயர் அங்கே இருப்பது முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் மைத்துனர் அதற்கும் கத்துவார். ஒயர்க்காரனுக்கு ஒரே அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்தாள், கல்யாணம் பண்ணி வைத்தாள், அப்புறம் அந்தக் கல்யாணத்துக்குள் வாயை வைத்தாள். ஊரின் இன்னொரு கோடியில் தையல்கடைக்கு மேலே மாடி அறையில் இருந்துகொண்டு, வக்கீல்களுக்கு மனுவும் வாக்குமூலமும் டைப் அடித்துக் கொடுக்கிறாள். அவளுக்கு அந்தக் கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்தவன் அவன்தான். கொடுக்கும்போதே ஒரு ஏஜென்டையும் உள்ளே போட்டான். டிஸ்க் நிரம்பினால் தெரியும், வைரஸ் வந்தால் தெரியும் என்றான்.

"வேவு பாக்குறேன்னு சொல்லு" என்றாள் அக்கா. பிடுங்கச் சொல்லவில்லை.

பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன வாரம் அவன் அந்த மாடிக்குப் போய்ப் படியில் நின்றபடியே, "உன் வாயாலதான் அவ போனா" என்று சொல்லிவிட்டான். அக்கா ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். வாய் ஓயாத மனுஷி வாயை மூடிக்கொண்டு கதவைச் சாத்தினால் அது சாதாரணச் சாத்தல் இல்லை. அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, புள்ளி நிற்கவில்லை. ஒரு நாள் பகலில் அக்கா சாம்பல் ஆனாள். அவளைக் கூப்பிடக் கௌரவம் விடவில்லை. கீழே தையல்காரருக்குப் போன் போட்டு, "அக்கா வீட்டுல கரண்ட் இல்லையா?" என்று கேட்டான். தையல்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடியைப் பார்த்துக் கத்தினார். மேலேயிருந்து வந்த பதில் அவனுக்கும் கேட்டது. "தூசி தட்டுறேன்னு சொல்லுங்க அந்த வேவுக்காரன்கிட்ட!" கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது.

அதன் பிறகு அக்கா அடிக்கடி தூசி தட்ட ஆரம்பித்தாள். சாம்பல் ஆவாள். அவன் தையல்காரருக்குப் போன் பண்ணுவான். அவர் கத்துவார். அவள் ஒரு திட்டுத் திட்டுவாள். பச்சை வரும். அவர்களுக்குள் பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான். தையல்காரர் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு, "ஏம்பா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் தொண்டைதான் கிடைச்சுதா?" என்பார்.

இப்போது கொஞ்ச நாளாக அவள் தூசி தட்டுவதில்லை. காலையில் பச்சை, மத்தியானம் பச்சை, இருட்டிய பிறகும் பச்சை. வேலை நிறைய வருகிறது போல என்று நினைத்துக்கொண்டான். என் மேல் இருக்கும் கோபத்தில் ராப்பகலாக அடிக்கிறாள் என்றும் நினைத்தான். எப்படியோ நன்றாக இருக்கிறாள். அது போதும் என்று போனை மூடிவிடுவான். மனுஷனுக்குத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள இப்படி ஒரு புள்ளி இருந்தால் போதும்.

டீ கிளாஸை வைத்துவிட்டு மறுபடி மிஷினோடு மல்லுக்கு நின்றான். இனிப் பார்க்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொரு ஏஜென்டும் முதல் தடவை ஓடும்போது தனக்கென்று ஒரு நீளமான நம்பரை எழுதிவைத்துக்கொள்ளும். தலைமை மிஷினுக்குக் கடைப் பெயர், கம்ப்யூட்டர் பெயர் எதுவும் கணக்கில்லை. நம்பர்தான் ஆள். பெயர் என்பது அந்த நம்பருக்கு ஒயர்க்காரன் தன் கையால் எழுதி ஒட்டுவது. ஏஜென்டை அழித்துப் போட்டாலும் அந்த நம்பர் மட்டும் தனி ஃபோல்டரில் அப்படியே இருக்கும்.

ஃபோல்டரைத் திறந்து நம்பரைப் பார்த்தான். கைப்போனில் அந்த நம்பரைப் போட்டுத் தேடினான். பட்டியலில் இருந்தது.

'அக்கா' என்று இருந்தது.

நம்பரை ஒவ்வொரு எண்ணாக மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தான். அப்புறம் மொத்தமும் ஒரேயடியாகப் புரிந்தது. இந்தக் கடையைத் திறக்கிற அவசரத்தில் மைத்துனர் கழுத்தைப் பிடித்தார். புதுக் கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட நேரமில்லை. அக்காவின் டிஸ்க்கைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு நகல் எடுத்து வைத்திருந்தான். அதையே இந்தக் கம்ப்யூட்டருக்குள் இறக்கினான். அவள் மனுக்களையும் வாக்குமூலங்களையும் அழித்தான். கம்ப்யூட்டர் பெயரை மாற்றினான். ஏஜென்டின் நம்பரை மாற்ற மறந்தான்.

அந்த நாளிலிருந்து இந்தக் கடை அக்கா பேரில் ஆஜர் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"என்னண்ணா, முகம் இப்படிப் போச்சு? வைரஸா?"

"இரு" என்றான். ஏஜென்டை நிறுத்தினான். கைப்போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான். யாரோ தலைவலி மாத்திரை கேட்டார்கள். அந்தப் பெண் அவனை எழுப்பாமல் கையால் எழுதிக் கொடுத்தாள். அக்கா பச்சையாகவே இருந்தாள். அக்காவின் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தால் பச்சை நிற்கும். நிற்க வேண்டும். வாசலில் வாளிக்குள் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. புள்ளி மஞ்சள் ஆனது. அவன் வாய்க்குள்ளேயே, "தூசி தட்டுறா, தூசி தட்டுறா" என்று சொல்லிக்கொண்டான். சாம்பல் ஆனது.

இந்தத் தடவை கௌரவம் பார்க்கவில்லை. அவளுக்கே போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. தையல்காரருக்குப் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. எழுந்து குடைகூட எடுக்காமல் வெளியே ஓடினான்.

"அண்ணா, சரியாயிடுச்சா இல்லையா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அவள்.

பஸ்ஸில் ஜன்னல் எல்லாம் அடைத்து, ஈரத் துணி நாற்றம். ஒயர்க்காரன் கம்பியைப் பிடித்து நின்றபடி கணக்குப் போட்டான். கடை திறந்த நாளிலிருந்து பச்சைக்கு அர்த்தமில்லை. அதற்கப்புறம் எந்த நாளில் அவள் கம்ப்யூட்டர் நின்றது என்று சொல்ல முடியாது. முந்தாநாளாக இருக்கலாம். கடை திறந்த மறுநாளே இருக்கலாம். நடுவில் சில சமயம் பட்டியலில் அக்காவுக்கு எதிரே இருக்கிற விவரங்கள் மாறி மாறிக் குதித்ததைப் பார்த்திருக்கிறான். இதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தலைமை மிஷினைத் திட்டிவிட்டு விட்டுவிட்டான். ஒரே பேரில் இரண்டு பேர் பேசினார்கள், அதனால் குதித்தது. அந்தக் குதிப்பும் அப்புறம் நின்றுபோனது. அது நின்றதைச் 'சரியாகிவிட்டது' என்று எடுத்துக்கொண்டான். இதே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறவன்.

தையல்காரர் மிஷினில் குனிந்து காலர் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மிஷினை நிறுத்தவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா தம்பி?"

"அக்கா..."

"இருக்காங்க. மேல போ. உயிரோடதான் இருக்காங்க, நடுங்காதே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்து கை முறிஞ்சு போச்சு. குழாயைத் திறந்து விட்டுட்டு விழுந்திருக்காங்க. தண்ணி படியில இறங்கிக் கடைக்குள்ள வந்துடுச்சு. வெட்டி வெச்ச துணி எல்லாம் நாசம். சண்டை போடத்தான் மேல போனேன். போய்ப் பாத்தா இப்படிக் கெடக்குறாங்க. நானும் எங்க வீட்டுலயும் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்."

"எனக்கு ஒரு போன்..."

"போடுறேன்னுதான் சொன்னேன். 'அவனுக்குச் சொன்னீங்கன்னா இந்த மாடியைக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன், தானா வரட்டும்'னாங்க. உங்க குடும்பத்துப் பஞ்சாயத்துக்கு என்னால ஆகாதுப்பா. போ, மேல போ."

படிகளில் விரித்திருந்த சாக்கு இந்த மழையில் இன்னும் காயவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டினான்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு? பேர் இல்லையா?"

"கதவைத் திறக்குறேன்."

"திறந்துதான் கெடக்கு. பூட்ட ஒரு கைதானே இருக்கு."

அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் முழங்கைக்கு மேல் வரைக்கும் மாவுக்கட்டு. யாரோ பின்னிவிட்ட தலை. அவள் எப்போதும் இழுத்துக் கொண்டைதான் போடுவாள். அந்தப் பின்னலில் வேறு யாரோ மாதிரி இருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடை இல்லையா உன் ஊர்ல?"

"மறந்துட்டேன்."

"எல்லாத்தையும்தான்."

"கை எப்படி இருக்கு?"

"தொங்குது. பாத்தா தெரியலையா? துடைச்சுக்கோ, துண்டு அங்க இருக்கு. தரை நனையுது. இந்தத் தரையில நான் இன்னொரு தடவை விழ முடியாது."

துடைத்துக்கொண்டான். நாற்காலி கம்ப்யூட்டர் மேஜைக்கு முன்னால் இருந்தது. அதில் உட்காரப் போனபோதுதான் மேஜைக்குக் கீழே பார்த்தான். ஒயர் பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. கீபோர்டு மேல் மெல்லிசாகத் தூசி.

"உண்மையில நடந்தது என்னன்னாக்கா..."

"நிறுத்து." இடது கையைத் தூக்கினாள். "தினம் வாக்குமூலம் டைப் அடிக்கிறவ நான். பொய் எப்படி ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியும். 'உண்மையில் நடந்தது என்னவென்றால்'னு தான் ஆரம்பிக்கும். முதல்ல நான் சொல்றேன். அப்புறம் நீ சொல்லு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"விழுந்தேன். எழுந்திருக்க முடியல. இடுப்பும் அடி. போன் சமையல் மேடை மேல சார்ஜ்ல இருக்கு. எனக்கு அது ஆகாசத்துல இருக்குற மாதிரி. கத்தினேன். வெளிய மழை, கீழ தையல் மிஷின், எவன் காதுல விழும்? தரையில தேய்ச்சுத் தேய்ச்சு இங்க வரைக்கும் வந்தேன்." மேஜையின் காலைக் காட்டினாள். "இந்த ஒயர் கைக்கு எட்டுச்சு. இழுத்தேன். மிஷின் அணைஞ்சுது. எனக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துச்சுடா. இப்பப் பாரு, வேவுக்காரனுக்கு வேர்க்கும், தையல்காரருக்குப் போன் வரும், அவர் கத்துவார், நான் பதில் சொல்லலைன்னா மேல ஓடி வருவார்னு."

வெளியே தகரத்தில் தூறல் சத்தம்.

"கெடந்தேன். வெயில் மாதிரி ஒரு வெளிச்சம் வந்துச்சு, போச்சு. ஒரு தடவை கீழ போன் அடிச்சுது. வந்துட்டான்னு நினைச்சேன். அவர் பேசுறது கேட்டுச்சு. எவனோ கால்சட்டை தைச்சாச்சான்னு கேட்டிருக்கான்." அவள் மாவுக்கட்டை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். "கடைசியில தண்ணிதான் போய் ஆளைக் கூட்டிட்டு வந்துச்சு. இப்ப நீ சொல்லு."

அவன் சொன்னான். நகல் டிஸ்க், புதுக் கடை, நம்பர், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது வக்கீல் எழுதிக் கொடுத்த மனு மாதிரி இருந்தது. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"அப்போ" என்றாள், "நான் இங்க கீழ கெடக்குறேன். எவனோ ஒரு மருந்துக் கடைக்காரன் என் பேரைச் சொல்லி, நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு உனக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான்."

"ஆமா."

"நீயும் நம்பியிருக்க."

"ஆமா."

"கைக்கட்டுப் போட்டதுக்கு அப்புறமும் அந்த ஒயரை நான் சொருகவே இல்லை. இத்தனை நாளும் நல்லா இருக்கேன்னே சொல்லியிருக்கான்."

"ஆமாக்கா."

"மிஷின் தப்பு பண்ணும். சரி. நீ தப்பு பண்ணுவ. அதுவும் சரி, புதுசு இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் புள்ளியை விட்டுட்டு, எப்படிக்கா இருக்கன்னு கூப்பிட்டுக் கேக்கணும்னு தோணலையாடா?"

தோன்றியிருக்கிறது. தினமும் தோன்றியிருக்கிறது. பச்சையைப் பார்த்ததும் அந்த நினைப்பு அடங்கிவிடும். பசிக்குத் தண்ணீர் குடித்துப் படுப்பது போல. அதை எப்படிச் சொல்வது? எழுந்து சமையல் பக்கம் போனான். கழுவாத பாத்திரம் குவிந்திருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான்.

"அதை வையி. தையல்காரர் வீட்டுல சாயங்காலம் வந்து தேய்ப்பாங்க."

"நான் தேய்க்கிறேன்."

"அடிப்பிடிச்சதை ஊற வெச்சுத் தேய். உன் பெண்டாட்டி ஒரு தடவை சுரண்டிச் சுரண்டி ஓட்டை போட்டா."

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள்.

"அவகிட்ட பேசினியா?"

"இல்ல."

"அவளையும் பட்டியல்ல போட்டு வெச்சிருக்கியா?"

"இல்லக்கா."

"நல்லவேளை. தப்பிச்சா."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தான். திரும்பாமலே, "அன்னைக்கு உன் வாயாலதான்னு சொன்னது..." என்று ஆரம்பித்தான்.

"பாதி என் வாய்தான். பாதி உன் வாயில்லாத்தனம். அவ ரெண்டையும் எவ்வளவு நாள் தாங்குவா?"

சோறு வடித்தான். இரண்டு முட்டையை உடைத்து வெங்காயம் போட்டுப் பொரித்தான். உப்பு அதிகம். அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஸ்பூனைப் பிடித்தாள். வாய்க்குப் போகும் வழியில் பாதி சேலையில் விழுந்தது. அவன் ஸ்பூனுக்குக் கையை நீட்டினான். அவள் தட்டை நகர்த்திக்கொண்டாள். அவனும் நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். வெகு நாளைக்கப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் விழுவதைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பதும், மறுபடி அள்ளுவதும், பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு அள்ளிக் கொட்டியிருக்க."

"ஆமா."

"அந்த ஒயரைச் சொருகு" என்றாள் சாப்பிட்டு முடித்ததும்.

அவனுக்கு முகம் தெளிந்தது. "சொருகிட்டு நம்பரை மாத்திடுறேன்க்கா. பத்து நிமிஷ வேலை. அப்புறம் எந்தக் குழப்பமும் வராது. நீ வேற, அந்தக் கடை வேறன்னு..."

"மாத்தச் சொல்லல. பிடுங்கச் சொல்றேன். அந்த ஏஜென்டைப் பிடுங்கு."

"அக்கா..."

"பிடுங்குடா."

கம்ப்யூட்டரைப் போட்டான். தூசியால் விசிறி முனகியது. அக்கா கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஏஜென்டை அழித்தான். அந்த ஃபோல்டரையும், அதிலிருந்த நம்பரையும் அழித்தான். கைப்போனை எடுத்துப் பட்டியலின் அடிக்குப் போனான். 'அக்கா' சாம்பலாக இருந்தாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று அது கேட்டது. ஆமாம் என்றான். கடைகள் மட்டும் மிஞ்சின.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இனிமே நான் இருக்கேனா போயிட்டேனான்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"சரி" என்றாள். திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

இரவு இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தான். "எதுக்கு? தையல்காரர் வீட்டுல வந்து படுத்துக்குவாங்க. உனக்குக் கடை கெடக்கு, போ" என்றாள். அவளுடைய போன் மேடை மேலேயே செத்துக் கிடந்தது. சார்ஜ் போட ஒரு கையால் முடியவில்லையோ, போடப் பிடிக்கவில்லையோ, கேட்கவில்லை. சார்ஜரைக் கட்டில் பக்கத்துப் பிளக்குக்கு மாற்றி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இடது கைக்கு எட்டும்படி வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். படி இறங்கும்போது, "ஓரமா இறங்கு, சாக்கு வழுக்கும்" என்று மட்டும் மேலேயிருந்து குரல் வந்தது. மறுபடி வா என்று சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. பொழுது மங்கிக்கொண்டிருந்தது. கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். மைத்துனர் மூன்று நான்கு தடவை கூப்பிட்டிருந்தார். புதுக் கடைப் பெண், 'குடையை எடுத்து உள்ள வெச்சிருக்கேன்' என்று சேதி அனுப்பியிருந்தாள். அவன் பழக்கத்தில் பட்டியலைத் திறந்தான். எல்லாம் பச்சை. கடைசிக் கடைக்குக் கீழே விரல் போய் நின்றது. வெறும் வெள்ளை. அவள் இப்போது என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. படுத்திருக்கலாம். பாத்ரூமுக்கு எழுந்திருக்கலாம். தரை காய்ந்திருக்குமா? தெரியவில்லை. இதற்கு முன்னாலும் தெரியாதுதான். தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பட்டியலை மூடிவிட்டு அவள் நம்பரை அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டான். கிளம்பி வந்து இன்னும் ஈரம்கூடக் காயவில்லை, என்ன சொல்வது என்று யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று எடுத்த சத்தம். உடனே போன் தரையில் விழுந்து உருளுகிற சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. தூரத்தில் அவள் குரல்.

"சனியன், இடது கையில எது நிக்குது... இரு... இருடா, வரேன். வெச்சுடாதே."

"வைக்கலக்கா" என்றான்.

அவள் குனிந்து தேடுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. பஸ் வந்து எதிரில் நின்று கதவைத் திறந்தது. ஏறினால் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அவன் ஏறவில்லை.